பெயின்ட் கடைசியில்தான்: பழைய பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி நிறத்தைப் பற்றி, பாதி எஃப்ஐ என்கிற, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து பீச்சும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனைப் பற்றி. இரண்டையும் செய்ய நினைப்பவர்கள் முதலில் பெயின்டரிடம்தான் போகிறார்கள். அது ஏன் தப்பு என்பது முதல் பதிலிலேயே வந்துவிடும்.

அப்பா ஓட்டிய 80-களின் புல்லட் 350 இருக்கிறது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு எஃப்ஐ போட முடியுமா? டேங்கை மட்டும் இப்போதே பெயின்ட் அடித்துவிடலாமா? (கும்பகோணம்)

முடியும். ஆனால் டேங்கைத் தொடாதீர்கள். இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் போக வேண்டும். அதற்கு ஒரு பம்ப் தேவை. பம்ப் டேங்குக்குள் உட்கார வேண்டும். இல்லையென்றால் வெளியே வைத்து, மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்கே திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன் கொடுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் டேங்கை வெட்டி வெல்டிங் வைத்தே ஆக வேண்டும். புதுப் பெயின்ட் அந்தச் சூட்டில் கருகிவிடும். வெல்டிங்குக்கு முன் டேங்கைப் பலமுறை கழுவி, பெட்ரோல் ஆவி துளியும் இல்லாமல் செய்ய வேண்டும். காலி டேங்க் என்று நம்பி நெருப்பைக் காட்டினால் வெடிக்கும்.

அடுத்தது கரன்ட். பம்ப், இன்ஜெக்டர், அவற்றை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான இசியு எல்லாம் நிலையான 12 வோல்ட் டிசி கேட்கும். வண்டி இன்னும் 6 வோல்ட்டில் இருந்தால் ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர், வயரிங் எல்லாமே மாற வேண்டும். கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று இசியுவுக்குச் சொல்ல ஒரு பல் சக்கரமும் சென்சாரும் வேண்டும். பழைய புல்லட்டில் அதற்குத் தோதான இடம் இடது பக்கம், பிரைமரி செயின் கேஸுக்குள், ஆல்டர்னேட்டர் ரோட்டரில். இதற்கு நல்ல லேத் பட்டறை வேண்டும்.

பலர் சறுக்குவது மேப்பிங்கில், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற கணக்கை இசியுவுக்குள் ஏற்றுவதில். புல்லட் 500-இன் இசியுவை அப்படியே கொண்டுவந்து மாட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குள் இருக்கும் கணக்கு 499 சிசி இஞ்சினுக்கானது, உங்களுடையது 346 சிசி. நாமே புரோகிராம் செய்யக்கூடிய இசியு வாங்கி, சைலன்சரில் ஆக்ஸிஜன் சென்சார் பொருத்தி, ஓட்டி ஓட்டித்தான் சரி செய்ய வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்குக் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1. எத்தனால் கலந்ததற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும்.

என் எண்ணத்தைக் கேட்டால், தினமும் வயலுக்குப் போய்வரும் வண்டி என்றால் எஃப்ஐ வேண்டாம். பேட்டரி செத்துவிட்டால் பம்ப் ஓடாது, வாய்க்கால் கரையில் நின்று எத்தனை கிக் அடித்தாலும் பயனில்லை. பிளக்கில் பொறி வரவைக்கும் பழைய பாயின்ட் செட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், ஒரு புது கார்புரேட்டர், காற்று உறிஞ்சாத புது மேனிஃபோல்ட் ரப்பர் போடுங்கள். ஸ்டார்ட்டிங் குறையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். எஃப்ஐ வேலையில் உண்மையான ஆசை உள்ளவர்கள், இன்னொரு வண்டியைத் தினசரிக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள். அப்புறம், எரிபொருள் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி தேவைப்படலாம். பட்டறைக்குப் போகும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் டேங்குக்குக் கறுப்பு அடித்தோம். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பெயின்ட் கலப்படமா? (திருத்துறைப்பூண்டி)

பெயின்ட் மேல் தப்பில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. அடைமழைக் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. லேசாகப் பூத்திருந்தால், வெயில் அடிக்கும் நாளில் ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மெல்லத் தூவினால் தெளிந்துவிடும். ஆழமாக இருந்தால் வாட்டர் பேப்பர் போட்டுத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

நம் பக்கம் பெயின்டுக்கு ஏற்ற காலம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. தையில் அறுவடைத் தூசு, ஆடியில் காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி. டேங்குக்குச் சாதாரண என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டை விட ஹார்ட்னர் சேர்க்கும் பியு (பாலியூரித்தேன்) பெயின்டே நல்லது, பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அடிக்கிற தம்பி கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்கானிக் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் குறைந்தபட்சத் தேவை. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் மாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. பெயின்ட் வாங்கும் காசிலேயே மாஸ்க்கையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

டேங்குக்குள் துரு. கெமிக்கல் ஊற்றாமல் எடுக்க வழி உண்டா? (மன்னார்குடி)

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கொட்டிவிட்டுச் சோடா மாவுத் தண்ணீரால் அலசி, உடனே கம்ப்ரஸர் காற்றால் உலர்த்துங்கள். தாமதித்தால் கண்ணெதிரிலேயே மறுபடி துரு ஏறும். உலர்ந்ததும் கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊற்றிச் சுழற்றி வையுங்கள். இதையும் பெயின்டுக்கு முன்பே முடியுங்கள். மழைக்காலம் முழுக்க டேங்கை நிரப்பியே வைத்தால் உள்ளே ஈரம் படிய இடமிருக்காது.

ஆர்எக்ஸ் 100-க்கு எஃப்ஐ? (மயிலாடுதுறை)

வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடுகிறது. இன்டேக் பக்கம் இன்ஜெக்டர் வைத்தாலும் அது நிற்காது. வண்டி ஒழுங்காக ஓடவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீலையும், கலவையை உள்ளே விடும் ரீட் வால்வையும் பாருங்கள். சீல் காற்று விட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும்.

கடல் பக்கத்து வீடு. சேஸிஸ் பவுடர் கோட்டிங் செய்யலாமா? (வேளாங்கண்ணி)

தாராளமாக. உப்புக் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் 180, 200 டிகிரி அடுப்பில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி உரிந்துவிடும். பட்டி போட்ட இடம் இருந்தால் முன்பே சுரண்டி எடுங்கள். ஸ்டீயரிங் பேரிங் கப், போல்ட் மரை, முக்கியமாகச் சேஸிஸ் நம்பர், இவற்றையெல்லாம் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். நம்பர் மூடிப்போனால் ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிவப்பு வண்டியை மிலிட்டரிப் பச்சை ஆக்கலாமா? (திருவாரூர்)

ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறு நிறம் எதுவானாலும் ஆர்டிஓவில் விண்ணப்பித்து ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம் அல்லவா? அந்தத் தேதி நெருங்கியிருந்தால் இரண்டு வேலையையும் சேர்த்தே முடிக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.