நல்ல மனிதர்தானே, பிறகென்ன?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்" என்ற ஹதீஸை (நபிமொழியை) மகனின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். மௌலவி பார்த்துவிட்டு, அறிவிப்பாளர் (அதைக் கேட்டு அடுத்தவருக்குச் சொன்னவர்) சரியில்லை, வேண்டாம் என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆளை இப்போது எப்படி எடை போடுகிறார்கள்?

இப்போது போடுவதில்லை, சகோதரி. அவர் காலத்தவர்களும் அடுத்தடுத்த தலைமுறை அறிஞர்களும் போட்ட எடை எழுத்தில் இருக்கிறது. ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் (இறப்பு ஹிஜ்ரி 852) தம் 'தக்ரீப்' நூலில் அறிவிப்பாளர்களைத் தரம் பார்த்து 12 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

பார்ப்பது இரண்டை: ஆள் நேர்மையானவரா, கேட்டதைக் கேட்டபடி சொல்பவரா. நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். எங்கள் பெரியப்பா ஒருவர் பொய்யே பேசமாட்டார். ஆனால் 1990இல் ஊரைவிட்டு வெளியேறிய கதையை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஏறிய லொறி மாறும், கூட வந்த ஆட்கள் மாறுவார்கள். அவரை நம்பிப் பணம் கொடுக்கலாம்; ஸனதில், அதாவது ஹதீஸ் வாய்வழி வந்த அறிவிப்பாளர் வரிசையில், வைக்க முடியாது.

சரி, துல்லியத்தை எப்படி அளப்பது? ஒரே ஆசிரியரிடம் கேட்ட மற்ற மாணவர்களின் அறிவிப்புகளோடு ஒப்பிடுவார்கள். நம்பகமானவர்கள் ஒன்றைச் சொல்ல, இவர் மட்டும் அடிக்கடி வேறொன்றைச் சொன்னால் தரம் இறங்கும். எந்தக் காலத்தில் சொன்னார் என்பதும் முக்கியம். எகிப்தில் காழியாக (நீதிபதியாக) இருந்த அறிவிப்பாளர் இப்னு லஹீஆவின் ஏடுகள் தீயில் எரிந்துபோனதாகவும், பிறகு அவர் அறிவிப்புகள் குழம்பியதாகவும் பலர் சொல்கிறார்கள். அதனால் முன்பே அவரிடம் கேட்ட இப்னுல் முபாரக், இப்னு வஹ்பு போன்றோர் வழியாக வருவதற்குத் தனி மதிப்பு. ஏடுகள் எரிந்தால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லவா வேண்டும்!

உங்கள் ஹதீஸை நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பவர் அபூ ஆத்திகா. இமாம் புகாரி இவரை 'முன்கருல் ஹதீஸ்' (ஏற்க முடியாத ஹதீஸ்களைச் சொல்பவர்) என்றார். குறை சொல்லும்போதும் மெதுவாகச் சொல்பவர் அவர். அவர் வாயில் இது கடும் வார்த்தை. ஹதீஸ் அறிஞர் பைஹகீ, வாசகம் பிரபலமானது, ஸனது பலவீனமானது என்றார். இன்னொரு அறிஞர் இப்னுல் ஜவ்ஸியோ இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். வேறு வழிகளும் உண்டு, அவை இன்னும் மோசம்.

இன்னாரை ஓர் அறிஞர் புகழ்ந்திருக்கிறாரே என்று யாராவது வாதாடினால், குறை சொன்னவர் காரணம் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டியிருந்தால் பொதுவாக அதற்கே முன்னுரிமை.

மகனுக்கு, கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்கு அல்லாஹ் சொர்க்கத்தின் பாதையை எளிதாக்குகிறான் என்ற ஹதீஸை எழுதிக் கொடுங்கள். நம்பகமான ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது, மௌலவியும் மறுக்கமாட்டார்.