தேய்ந்த துப்பாக்கியை வாங்கலாமா?

கேள்வி: பழங்காலத் துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை எட்டாததால், தேய்ந்தவற்றை வாங்கினால் பின்னால் வருந்த நேருமா?

பதில்: தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டாம், பிற்காலத்தில் ஏற்றப்பட்ட மெருகுக்குத்தான் அஞ்ச வேண்டும். பிரிட்டிஷ் படை பயன்படுத்திய 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றின் குழல் பழுப்பேறி, மரக்கட்டையில் கீறல்கள் விழுந்திருந்தாலும், சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகட்டில் கிரீட முத்திரையும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்து, உறுப்புகள் யாவும் தொடக்கம் முதல் இருந்தவையாக அமைந்தால் தயங்காமல் வாங்கலாம். உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கியதில் முத்திரையின் விளிம்புகள் மழுங்கிப்போன துப்பாக்கியையோ எவராலும் மீட்க இயலாது. சக்கிமுக்கிக் கல்லால் இயங்கிய பல துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டில் பெர்கஷன் கேப் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) முறைக்கு மாற்றப்பட்டன. அக்காலத்திலேயே செய்யப்பட்ட அத்தகைய மாற்றத்தை நான் குறையாகக் கருதுவதில்லை. உரிமச் சட்டத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். வாங்கிய பின் கம்பித் தூரிகையைத் தொடாமல், எண்ணெய் தோய்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.