பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தாதீர்கள். ரத்தம் வருகிறதே என்று பயந்து பலர் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விடுகிறார்கள். அங்கேதான் நிலைமை மோசமாகிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈறு சிவந்து வீங்கும், லேசாகப் பட்டாலே கசியும். படலத்தை அப்படியே விட்டால் எச்சிலிலுள்ள தாது உப்புகள் சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ்ஷால் அசைக்க முடியாது, பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். அழுத்தவே வேண்டாம், பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். காலையிலும் படுக்கும் முன்பும் 2 நிமிடம் போதும். இரவில் மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்து கிருமிகள் எளிதில் பெருகிவிடும். ஃபுளோரைடு பேஸ்ட் நல்லது. நுரையைத் துப்பிய கையோடு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு கழுவிப் போய்விடும். பல் இடுக்குக்கு பிரஷ் போகாது, ஃபிளாஸ் நூல் வேண்டும்.

இப்படிச் செய்தால் பெரும்பாலும் 2 வாரத்துக்குள் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, பல் ஆடினாலோ, சீழ் வந்தாலோ பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்த 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.