உங்கள் கார் எந்த டிரெய்லரை இழுக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் காரின் இழுவைத் திறன் 2,000 கிலோ என்று கையேட்டில் உள்ளது. வாங்க எண்ணியிருக்கும் பயண டிரெய்லரின் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டின்) வெற்று எடை 1,650 கிலோ. பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் என்று நாங்கள் நால்வர். இன்னும் 350 கிலோ மிச்சம் இருப்பதால் தாராளமாக இழுக்கலாம் என்று விற்பனையாளர் கூறுகிறார். அது சரிதானா?

பதில்: விற்பனையாளர் கழித்தல் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார், ஆனால் உங்களுக்குத் தேவையான கணக்கு அது அன்று. வெற்று எடை என்பது தண்ணீர், படுக்கை, பாத்திரம், துணிமணி எதுவும் ஏறாத நிலையில் எடுத்த எடை. பேட்டரியும் எரிவாயு உருளையும்கூட அதில் பல சமயம் சேர்வதில்லை. தண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரு குடும்பத்தின் சாமான்களுக்கு 300 கிலோ ஒதுக்குவது மிகையாகாது என்பதால், புறப்படும் நாளில் டிரெய்லர் 1,950 கிலோவை எட்டிவிடும்.

இதைவிட முக்கியமானது, காரே சுமக்க வேண்டிய எடை. டிரெய்லரின் முன்முனை, இணைப்புக் கொக்கியின் மீது அழுத்துகிறது. வட அமெரிக்க வழக்கப்படி இந்த அழுத்தம், சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது உங்களுக்கு 195 முதல் 293 கிலோ வரை. இந்த எடை, பயணிகளின் எடையைப் போலவே காரின் சுமை வரம்பில் சேரும். அந்த வரம்பு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் காரில் அது 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 210, பின்பெட்டிப் பைகளுக்கு 50, கொக்கிச் சாதனங்களுக்கு 25 என 285 கிலோ போய்விட்டால், மிஞ்சுவது 215 கிலோ. நடுத்தரமாக 12.5 விழுக்காடு என்று கொண்டாலும் 1,950 கிலோ டிரெய்லர் கொக்கியின் மீது 244 கிலோ அழுத்தும். இழுவைத் திறன் தீர்வதற்கு முன்பே சுமை வரம்பு தீர்ந்துவிட்டது. குடும்பமாகப் பயணிப்பவர்களுக்கு ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் நேர்கிறது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவதோ இழுவைத் திறன் மட்டுமே.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஜே 2807 என்ற தரமுறையின்படி, சிறிய வாகனங்களின் சோதனையில் தலா 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே காரில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. உங்கள் பின்னிருக்கைக் குழந்தைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

உங்கள் நிலையில் நான், வெற்று எடை 1,300 கிலோவைத் தாண்டாத டிரெய்லரையே பார்ப்பேன். ஏற்றிய எடை 1,600 கிலோவாகி, கொக்கிச் சுமை சுமார் 200 கிலோவில் நிற்கும். அப்போதும் வரம்பில் 15 கிலோதான் மிஞ்சும் என்பதால், தண்ணீரைத் தங்குமிடம் சென்றபின் நிரப்பிக்கொள்ளுங்கள். எடையைப் பின்னச்சிலிருந்து முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் கொக்கி, காரின் மட்டத்தைச் சீராக்கும். வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. சில கார்களின் கையேடு அதைப் பொருத்தவே கூடாது என்கிறது.

கேள்வி: கொக்கிச் சுமைதான் சிக்கல் என்றால், கனமான பொருள்களை டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றி அதைக் குறைத்துவிடலாமே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் இலேசாகி, எடையின் மையம் அச்சுக்குப் பின்னே போய்விட்டால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலோ, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, இறுதியில் காரையே திருப்பிப்போடும். கடந்து செல்லும் லாரியின் காற்றோ, இறக்கமோ இதைத் தொடங்கிவைக்கப் போதும். கனமானவற்றைத் தரைமட்டத்தில், அச்சுக்குச் சற்று முன்னே வையுங்கள். பின்முனையில் மிதிவண்டிகளைத் தொங்கவிடுவதையும் தவிருங்கள். ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்; டிரெய்லர் பிரேக்கைத் தனியே இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் இயக்குங்கள்.

ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் கொக்கிச் சுமையின் உச்சவரம்பு 75 முதல் 100 கிலோ வரைதான். அங்குள்ள டிரெய்லர்கள் அதற்கேற்ற எடைப் பகிர்வுடன், குறைந்த வேகத்தில் ஓட்டப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆகவே ஒரு கண்டத்தின் விழுக்காட்டை மற்றதன் வண்டிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கேள்வி: எடை ஒன்றாகவே இருந்தால், துணிச் சுவரை மடக்கித் தாழ்த்திக்கொள்ளும் மடக்கு டிரெய்லருக்கும் முழு உயர டிரெய்லருக்கும் இழுப்பதில் வேறுபாடு உண்டா?

பதில்: நிறைய உண்டு. நெடுஞ்சாலையில் எஞ்சினை வதைப்பது எடையைவிடக் காற்றுதான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குச் சென்றால் அது ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். சுவர் போல் நிமிர்ந்து நிற்கும் முகப்பைச் சிறிய எஞ்சின் இழுக்கும்போது கியர்பெட்டி சூடேறும். எனவே சில நிறுவனங்கள் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் கையேட்டில் வரம்பு விதிக்கின்றன. மடக்கு டிரெய்லர் இந்த வகையில் சிறந்தது. ஆனால் மழையில் அதை விரித்து மடக்கும் வேலையையும், ஈரத்துணியைப் பிறகு உலர்த்தும் வேலையையும் விற்பனைக்கூடத்தில் யாரும் செய்துகாட்டுவதில்லை.

கேள்வி: டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா?

பதில்: அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினாலே அது கட்டாயம். குடும்பம் தூங்கும் அளவுள்ள டிரெய்லர் ஏறக்குறைய எல்லாமே அந்த எல்லையைத் தாண்டியவைதான். மின் பிரேக் உள்ள டிரெய்லருக்குக் காரினுள் பிரேக் கன்ட்ரோலர் பொருத்தப்பட வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய டிரெய்லரை வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கூரை இணைப்புகளையும் சன்னல் மூலைகளையும் பாருங்கள். இலேசான டிரெய்லர்களின் சுவரும் தரையும் பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. நீர் கசிந்தால் அடுக்குகள் பிரிந்து உப்பும், தரை காலடியில் அமுங்கும். அத்தகைய வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். அடுத்து டயர்கள்: அதிகம் ஓடாத டிரெய்லரின் டயர், தேயாமலேயே வெயிலிலும் வயதிலும் கெட்டுவிடும். பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று பொருள்.