நீலகிரிப் பயணத்துக்கு ஏற்ற சிறிய கேமரா

கேள்வி: குன்னூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அடிக்கடி போய் வருகிறேன். மலை ரயிலையும் சோலைக் காடுகளையும் படமெடுக்கக் கையடக்கமான கேமரா ஒன்று வாங்க வேண்டும். 40 மடங்கு ஜூம் உள்ளதை வாங்குவதா, 4 மடங்கே ஜூம் இருந்தும் விலை கூடுதலாக உள்ளதை வாங்குவதா?
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் எடுக்க விரும்பும் படங்களுக்கு 4 மடங்கு ஜூம் உள்ளதே ஏற்றது. கூடுதல் விலை பெரும்பாலும் சென்சாருக்கும் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) லென்ஸுக்கும் உரியது. 40 மடங்கு ஜூம் உள்ள சிறிய கேமராக்களில் சென்சாரின் அளவு ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், விலை கூடியவற்றில் உள்ள, 'ஒரு இன்ச்' என்று சொல்லப்படும் சென்சாரோ 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது பரப்பளவில் நான்கு மடங்கு. ஈரோட்டின் நண்பகல் வெயிலில் இந்த வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆனால் பகலிலேயே இருண்டு கிடக்கும் சோலைக்குள்ளும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே குகைப் பாதைகளைக் கடந்து வரும் ரயிலை மாலை மங்கலில் எடுக்கும்போதும், சிறிய சென்சார் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, உயர்த்தித்தான் சமாளிக்க வேண்டியிருப்பதால், இலைகளின் நுணுக்கமெல்லாம் கரைந்து ஒரே பச்சைப் பூச்சாகிவிடும்.

லென்ஸையும் பாருங்கள். 40 மடங்கு ஜூமை முழுவதும் நீட்டினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் 6.9 வரை சுருங்கிவிடும் கேமராக்கள் உண்டு (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது). கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 போன்றவற்றில் முழு ஜூமிலும் அது எஃப் 2.8 ஆகவே இருக்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஆறு மடங்கு அதிகம். மேலும், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் நின்று தொலைவை ஜூம் செய்தால், காட்சியோடு இடையிலுள்ள மூட்டமும் சேர்ந்தே பெரிதாகும். தொலைவில் நிற்கும் வரையாடுகளும் பறவைகளும்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டும் என் பதிலை மாற்றிக்கொள்வேன்.

மூடுபனியைக் கேமரா தானாகச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதைத் திருத்த எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்ட வேண்டும் என்பதால், அதற்கெனத் தனித் திருகு உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் திரை தெரியாமல் சிரமப்படுபவர் என்றால், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 அல்லது அதற்குப் பின் வந்தவற்றைக் கடையில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் என் கேமரா லென்ஸின் உள்ளே மங்கலாக ஏதோ படிந்துவிட்டது. புதிய கேமராவுக்கும் இப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம்?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: சில மணி நேரத்தில் மறைந்தால் அது வெறும் ஈரம். சிலந்தி வலைபோல் இழை இழையாகத் தங்கிவிட்டால் பூஞ்சை. இவ்வகைக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால், சுத்தம் செய்யும் செலவு பல நேரங்களில் கேமராவின் மதிப்பையே எட்டிவிடும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதைத் தவிர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் ஜிப் கவரில் போட்டு மூடி, அறையின் வெப்பத்துக்குக் கேமரா வந்த பிறகே வெளியே எடுங்கள். பழைய கேமரா வாங்குவதாக இருந்தால், கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்து லென்ஸின் உட்புறத்தைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.