பந்து ஒன்று, கடிகாரம் இரண்டு

கேள்வி: மகன் வேகப்பந்து வீசுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு போன், பிட்ச்சுக்குப் பக்கவாட்டில் இன்னொன்று வைத்து வீடியோ எடுத்து, பந்தின் பாதையைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்தோம். இரு பக்க ஸ்டம்புகளுக்கும் இடையே 20.12 மீற்றர் என்று கச்சிதமாக வருகிறது. ஆனால் பந்தை நோக்கி இரண்டு போனிலிருந்தும் இழுத்த கோடுகள் சந்திக்காமல் அரைச்சாண் விலகிப் போகின்றன. வேறு போன் வாங்க வேண்டுமா, ஐயா?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டம்ப் சரியாக வருகிறதென்றால் போன்கள் நிற்கும் இடத்திலும் கோணத்திலும் பிழையில்லை. அசையாத ஸ்டம்பை இன்று ஒரு போனிலும் நாளை மற்றதிலும் எடுத்தாலும் கணக்கு சரிவரும். பந்து அப்படி நிற்காதே!

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 28 மீற்றர். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் போனில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பந்து 93 சென்ரிமீற்றர் ஓடிவிடும். இரண்டு போனும் ஒரே கணத்தில் படம் எடுப்பதில்லை; எவ்வளவுதான் படங்களைப் பொருத்தினாலும் அரைப் படம் பிசகலாம். அதுவே 46 சென்ரிமீற்றர். பந்து குத்தும் இடத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு போனில் பந்து தரையைத் தொட்டிருக்கும், மற்றதில் நாலு விரல் உயரத்தில் இருக்கும். வெவ்வேறு நேரத்துப் பந்தை நோக்கிய கோடுகள் எப்படிச் சந்திக்கும்?

கைதட்டி ஒலியை வைத்துப் பொருத்தலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். காலிமுகத்திடலில் மருமகனின் பட்டத்தை இரண்டு போனில் எடுத்தபோது, ஒரு போனின் காலடியில் நின்று கை தட்டினேன். மற்றது 70 மீற்றர் தள்ளி. சத்தம் அங்கே போய்ச் சேர ஐந்தில் ஒரு செக்கன், அதாவது ஆறு படம்! பட்டம் கடலுக்குள் பறந்ததாகக் கணினி சொன்னது.

அதனால், கொஞ்சம் இருட்டியதும் இரண்டு போனுக்கும் தெரியும்படி டோர்ச்சை ஒரு தரம் அடியுங்கள். போனில் ஸ்லோ மோஷன் 240 படம் இருந்தால் அதையே வையுங்கள். பிசகு ஆறு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். அப்புறம் ஒரு போனின் நேரத்தை ஆயிரத்தில் ஒரு செக்கனாக முன்பின் நகர்த்தி, இடைப்பட்ட நேரத்தில் பந்து எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, பாதை முழுக்கக் கோடுகளின் விலகல் எப்போது ஆகக் குறைகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் உங்கள் பிசகு. ரெக்கோர்டிங்கை நிறுத்தி மறுபடி தொடங்கினால் அது மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.