கண்காட்சியில் இருந்தது உங்கள் தாள்தானா?

கேள்வி: லண்டன் ஏலமொன்றில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கலைஞர் விஸ்லரின் ‘நாக்டர்ன்’ (இரவுக் காட்சி) எச்சிங் ஒன்றை வாங்கினேன். ஏலக் குறிப்பில் “1880இல் ஃபைன் ஆர்ட் சொசைட்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டது” என்று இருக்கிறது. தாளின் பின்புறம் பென்சிலில் ஓர் எண், ஒரு சிறிய முத்திரை. படச் சட்டத்தின் பின்னால் கடைச் சீட்டு ஒன்று. காப்பீட்டுக்காக இதன் உடைமை வரலாறும் கண்காட்சி வரலாறும் எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏலக் குறிப்பின் அந்த வரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். அது உங்கள் தாளைப் பற்றியதாக இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் ஓவியம் உலகில் ஒன்றே ஒன்று. எச்சிங் அப்படியல்ல; தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் அச்சிடும் படம் அது. ஒரே செப்புத் தகட்டிலிருந்து பல தாள்கள் பிறக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு கைகளுக்குப் போகிறது. கலை விமர்சகர் ரஸ்கின் மீது தொடுத்த அவதூறு வழக்குக்குப் பிறகு 1879இல் விஸ்லர் திவாலானார். அப்போது லண்டன் கலைக்கூடமான ஃபைன் ஆர்ட் சொசைட்டிதான் அவரை வெனிஸுக்கு அனுப்பி 12 எச்சிங் கேட்டது. மூன்று மாதத்தில் வருவதாகப் போனவர் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார். 1880 டிசம்பரில் அந்த 12 எச்சிங்குகளும் லண்டனில் காட்சிக்கு வந்தன; ‘நாக்டர்ன்’ அவற்றில் ஒன்று. அறிவிக்கப்பட்ட பதிப்பு 100 தொகுப்புகள். அவற்றை அச்சிட்டு முடிக்க இருபதாண்டுகளுக்கு மேல் பிடித்தது. பெரும்பகுதியை விஸ்லரே அச்சிட்டார். 1903இல் அவர் இறந்தபின் மிச்சத்தை அச்சிட்டவர் ஃப்ரெடரிக் கோல்டிங். ஆகவே 1880இல் சுவரில் தொங்கிய தாள் உங்களுடையதுதான் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். இல்லையென்றால் “இதே எச்சிங்கின் வேறொரு பிரதி 1880இல் காட்சிக்கு வைக்கப்பட்டது” என்று எழுதுவதே நேர்மை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ‘நாக்டர்ன்’ என்று பாருங்கள். அகன்ற நீர்ப்பரப்பில் பாய்மரக் கப்பல் நின்றால் அது 1880 தொகுப்பைச் சேர்ந்தது. விஸ்லரின் எச்சிங்குகளுக்குக் கென்னடி தொகுத்த 1910ஆம் ஆண்டுப் பட்டியலில் அதன் எண் 184. இரு மாளிகைகளுக்கு நடுவே குறுகிய கால்வாயும் விளக்கொளியும் தெரிந்தால் அது ‘நாக்டர்ன்: பேலஸஸ்’. அது 1886இல் வெளிவந்த 26 எச்சிங்குகளின் தொகுப்பைச் சேர்ந்தது, வரலாறே வேறு.

அடுத்து தாளையே விசாரியுங்கள். இந்தப் படத்தில் இரவைக் கொண்டுவருவது கோடுகளை விட மையின் பூச்சுதான். ஒவ்வொரு முறையும் தகட்டில் மையை எவ்வளவு துடைத்து எவ்வளவு விடுவது என்று விஸ்லர் மாற்றிக்கொண்டே இருந்தார். அதனால் ஒரு பிரதி நள்ளிரவாகவும் இன்னொன்று விடியற்காலையாகவும் தெரியும். என்னைக் கேட்டால் இந்த எச்சிங்கின் உயிரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. உங்களுக்கும் அது கைகொடுக்கும்: பழைய ஏலக் கேட்டலாக்கில் புகைப்படம் கிடைத்தால், மை படிந்த விதத்தை ஒப்பிட்டே அது உங்கள் தாளா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அவர் பல பிரதிகளின் ஓரத்தைத் தகட்டின் விளிம்பு வரை வெட்டி, கீழே ஒரு சிறு நாக்கை மட்டும் விட்டு, அதில் பென்சிலால் வண்ணத்துப்பூச்சி வரைந்து ‘இம்ப்’ என்று எழுதுவார். தாமே அச்சிட்டதாக அதற்குப் பொருள். வண்ணத்துப்பூச்சியின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறியதால் காலத்தைக் கணிக்க உதவும். தகட்டில் பின்னாளில் அவர் சேர்த்த, அழித்த கோடுகளையும் கவனியுங்கள்; அப்படி மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். உங்கள் தாளில் உள்ள நிலை 1880க்குப் பிந்தியது என்றால் ஏலக் குறிப்பின் கூற்று அங்கேயே விழுந்துவிடும். இந்த நிலைகளையெல்லாம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இணையப் பட்டியல் படங்களோடு விவரிக்கிறது. உலகின் எந்தெந்தத் தொகுப்புகளில் பிரதிகள் உள்ளன என்பதும் அதில் இருக்கிறது.

முத்திரைக்கு ஃப்ரிட்ஸ் லூக்ட் 1921இல் வெளியிட்ட சேகரிப்பாளர் முத்திரைகளின் அகராதியைத் தேடுங்கள். பாரிஸில் உள்ள ஃபோந்தாசியோன் குஸ்தோதியா அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விஸ்லரின் மைத்துனியும் வாரிசுமான ரோசலிண்ட் பர்னி ஃபிலிப்பின் முத்திரையாக இருந்தால், தாள் கலைஞரின் வீட்டிலிருந்தே கிளம்பியது என்று கொள்ளலாம். அருங்காட்சியக முத்திரையாக இருந்தால், உபரிப் பிரதியாக விற்றதற்கான நீக்கக் குறியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வேறெதையும் எழுதுமுன் அந்த அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போடுங்கள்.

பென்சில் எண் பெரும்பாலும் வியாபாரியின் இருப்பு எண். நியூயார்க்கில் இருந்த நோட்லர் கலை வணிக நிறுவனத்தின் இருப்புப் பேரேடுகள் இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். சட்டத்தைக் கழற்றுமுன் கடைச் சீட்டைப் படமெடுங்கள், பின்பலகையைத் தூக்கி எறியாதீர்கள். பழைய பசை தாளோடு ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்க வேண்டாம், காகிதப் பராமரிப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

எழுதும்போது பழைய உடைமையாளரிலிருந்து உங்கள் பெயர் வரை வரிசையாக வாருங்கள். ஒருவரிடமிருந்து நேரே அடுத்தவருக்குப் போனது உறுதியானால் நடுவில் அரைப்புள்ளி. இடைவெளி இருந்தால் முற்றுப்புள்ளி. அருங்காட்சியகங்கள் பலவும் பின்பற்றும் முறை இது. இடைவெளியை ஊகத்தால் நிரப்பாதீர்கள். அது 1933க்கும் 1945க்கும் நடுவே விழுந்து, தாள் அப்போது ஐரோப்பாவில் இருந்திருக்கக்கூடும் என்றால், நாஜிகள் கொள்ளையடித்த பொருள்களின் தரவுத்தளங்களிலும் திருட்டுப்போன கலைப்பொருள்களைப் பதிந்துவைக்கும் லண்டன் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரிலும் தேடச் செய்து, அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

கண்காட்சி வரலாற்றுக்கு விஸ்லரின் நினைவுக் கண்காட்சிகளின் கேட்டலாக்குகளையும் பாருங்கள்: 1904இல் பாஸ்டன், 1905இல் லண்டனும் பாரிஸும். இரவல் கொடுத்தவரின் பெயர் அங்கே இருந்து, அதே பெயர் உங்கள் முத்திரை வழியாகவும் வந்தால் அந்தக் கண்காட்சியைத் தாராளமாகச் சேர்க்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும்போது ஏல ரசீது, முன்புற பின்புறப் படங்கள், ஒவ்வொரு வரிக்கும் எது ஆதாரம் என்ற குறிப்பு மூன்றையும் இணையுங்கள்.